அகிலன் பெயரில் நூறு விழுக்காடு

முனைவர் ஜெகதீஸ்வரன் ஒரு கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பெண் இட்டார் என்று அவருடைய நண்பர்கூடச் சாட்சி சொல்ல மாட்டார். அவர் படிப்பவர் அல்லர், பார்ப்பவர். ஈப்போ நகரிலுள்ள தனியார் கல்லூரியொன்றில் முதலாண்டு மாணவர்க்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்பிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. அப்பணியை அவர் கணினியின் தலையில் கட்டிவிட்டு, கணினித் திரையில் எழும் வண்ணப் பட்டைகளை மேற்பார்வை பார்க்கும் சிரமத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார். அறுக்கத் தெரியாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, அந்த அரிவாள்களுக்கெல்லாம் இப்போது கடவுச்சொல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது சுபத்ராவின் கருத்து. பத்தொன்பது வயதுப் பெண் தன் விரிவுரையாளரைப் பற்றி இத்தகைய கருத்து வைத்திருப்பது அடக்கமாகாது. ஆனால் சுபத்ரா அடக்கமானவள் என்று ரிங்லெட் தேயிலைத் தோட்ட வட்டாரத்தில் எவரும் சொன்னதில்லை. அவளைப் பெற்ற வேலாயியே சொன்னதில்லை.

கல்லூரி, முதற்பருவம் முழுவதையும் இணையவழிப் பாடமாக்கியிருந்தது. மாணவர் அவரவர் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். தேறியவர் மட்டும் இரண்டாம் பருவத்துக்கு ஈப்போவுக்கு வரலாம். தேறாதவர் ஓராண்டு காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டத்தில் அந்த ஓராண்டைச் சும்மா விட்டுவைப்பார்களா? "ஒம் மவ சும்மாதான இருக்கு? பை புடிக்க வரச் சொல்லு" என்று தொழிலாளரை வேலை வாங்கும் மண்டோர் இப்போதே சுபத்ராவின் தந்தை கருப்பையாவிடம் இருமுறை கேட்டுவிட்டார். ஓராண்டுக்கென்று கொழுந்துப் பையைப் பிடித்தவர்களைச் சுபத்ரா அறிவாள். அவர்களுள் ஒருத்தி அவளுடைய தாய். அந்த ஓராண்டு இருபத்து நான்கு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

முனைவர் வகுத்த முறை இது. மும்மூன்று பேராகக் குழு பிரிப்பார். மூவருக்கும் இணையத்தில் ஒரே ஆவணம். ஒருவர் எழுதுவதை மற்ற இருவரும் அவரவர் இடத்திலிருந்தே கண்டு, சேர்த்தும் திருத்தியும் ஒரு கட்டுரையை முடிக்க வேண்டும். எவருடைய கணக்கிலிருந்து எந்தச் சொல் தட்டப்பட்டது என்பதை ஆவணமே நினைவில் வைத்திருந்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறமும் ஒரு விழுக்காடும் கொடுத்து அறிக்கை நீட்டும். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்தி காய் நறுக்கும்; சமைப்பது கத்தியின் வேலையன்று. இது விளங்காத ஒருவர் கையில் அது சிக்கியதுதான் கேடு.

சுபத்ராவின் குழுவில் அவளோடு அகிலனும் ஃபியோனாவும் இருந்தனர். மூவரும் ஒரே தோட்டத்தவர். அகிலனின் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பகுதியில் இருந்தார். ஃபியோனாவின் தந்தை சூசைமுத்து, லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றிச் செல்லும் லோரியின் ஓட்டுநர். தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் தொலைபேசிக்கு அலைத்தொடர்பு, தோட்டத்துப் பேச்சில் 'கோடு', கிடைக்காது. தோட்டம் முழுவதிலும் கோடு கிடைக்கும் ஒரே இடம், சாலை வளைவில் இருந்த கொழுந்து நிறுக்கும் கொட்டகை. ஆகவே நாள்தோறும் பிற்பகலில் மூவரும் அங்கேயிருந்த பலகையில் போய் அமர்ந்தனர். மடிக்கணினி ஒன்றே ஒன்று, அது அகிலனுடையது.

தேறுவதை முடிவு செய்யும் கட்டுரைக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'பலர் கூடிச் செய்யும் ஒரு வேலையை விவரித்து எழுதுக' என்பது. தலைப்பைப் படித்துவிட்டு மூவரும் ஒருசேரத் தலைநிமிர்ந்தார்கள். கண்ணெதிரே சரிவில் கொழுந்து வெட்டும் மெஷின் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒருபுறம் கருப்பையா, மறுபுறம் நேப்பாளத்து இளைஞன் ஒருவன். இருவருக்கும் நடுவே தேயிலை நிரையின் முதுகைச் சிரைத்துக்கொண்டே மெஷின் நகர்ந்தது. அது துப்பும் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் நீண்ட துணிப்பையின் வாலைப் பிடித்தவாறு பின்னால் வேலாயி.

வேலை தானாகவே பங்காயிற்று. அகிலனுக்கு எழுத்து வராது, வாய் வரும். அவன் சரிவில் ஏறி இறங்கி ஒவ்வொருவரிடமும் கேட்டுவந்தான். ஃபியோனா பேனா பிடித்தால்தான் சிந்திப்பவள். அவள் கேட்டதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் வாக்கியமாக்கினாள். சுபத்ரா அவற்றை வரிசைப்படுத்தி, வெட்டி, ஒட்டி, விரைந்த விரல்களால் தட்டினாள்.

"என்னத்தடா கேக்குறே?" என்றாள் வேலாயி, அகிலன் அருகில் போனபோது.

"பை புடிக்கிறதப் பத்தி அத்தை. காலேஜுக்கு எழுதணும்."

"நல்லா எழுதுங்கடா. எங்க இடுப்பு வலி ஈப்போ வரைக்கும் போகட்டும். நாங்கதான் போகல."

அந்தப் பத்தியை ஃபியோனா மூன்று நாள் எழுதினாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது சுபத்ரா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். 'முன்னால் செல்லும் இருவரும் செடியைப் பார்த்து நடக்கிறார்கள். பின்னால் வருபவள் பையின் வாயைப் பார்த்து நடக்கிறாள். பை நிறைந்ததை அவள் கண்ணால் அறிவதில்லை, இடுப்பால் அறிகிறாள். மெஷின் நிற்கும்போது அவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். அவள் அப்போதும் பையைத்தான் பார்க்கிறாள்.' ஆங்கிலத்தில் அது இன்னும் சற்று இறுக்கமாக இருந்தது. தன் தாய் அவ்வாறு நடப்பதை அதுநாள்வரை தான் கவனித்ததே இல்லை என்பது சுபத்ராவுக்கு உறைத்தது.

கட்டுரை அனுப்பப்பட்ட ஒன்பதாம் நாள் மதிப்பெண் வந்தது. அகிலன், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சுபத்ரா, சுழி. ஃபியோனா, சுழி. கீழே ஒரு குறிப்பு: 'அகிலன் பெயரில் நூறு விழுக்காடு. மற்ற இருவரும் பிறர் உழைப்பில் சவாரி செய்தவர்கள்.'

அகிலன் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் வாழ்நாளில் தொண்ணூறைத் தாண்டியது அதுவே முதன்முறை. அதுவும் அவன் ஒரு சொல்லும் எழுதாத கட்டுரைக்கு.

"நான் சத்தியமா ஒண்ணும் பண்ணலடி."

"அதான் தொண்ணூத்தாறு. ஏதாவது பண்ணியிருந்தீன்னா கொறஞ்சிருக்கும்" என்றாள் சுபத்ரா.

மறுநாள் முனைவர் அவர்களைத் திரைவழிச் சந்திப்புக்கு அழைத்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் புத்தகத்துக்கு மாறாகப் பட்டயங்களும் கேடயங்களும் அடுக்கியிருந்தன.

"அகிலன், குட் ஜாப். நீங்க ஒருத்தர்தான் வேல செஞ்சிருக்கீங்க."

"சார், நான் எழுதல சார்."

"ஹம்பிளா இருக்கீங்க. நல்ல குணம்."

"ஹம்பிள் இல்ல சார், நெசமாவே எழுதல. எனக்கு ஸ்பெல்லிங்கே வராது சார்."

முனைவர் புன்னகை செய்தார். உண்மையைச் சொல்பவனிடத்தும் பணிவைக் காணும் அளவுக்கு அவர் தம் அறிக்கையை நம்பினார்.

"சார்" என்று குறுக்கிட்டாள் சுபத்ரா, "லேப்டாப்பு அவனோடது. கேட்டுட்டு வந்தது அவன். எழுதுனது ஃபியோனா. டைப் பண்ணது நான்."

"அப்ப ஏம்மா எல்லாம் அவர் அக்கவுண்ட்ல இருக்கு?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்று மூவரில் ஒருவரும் நினைத்ததில்லை. தோட்டத்தில் மூவர் வெட்டும் கொழுந்து இஞ்சின் பக்கம் பிடிப்பவர் பெயரில்தான் நிறுவையில் ஏறும். 'கருப்பையா மெஷின்' என்று ஒரு பெயர் எழுதினால், அதற்குள் மூவர் இருக்கிறார்கள் என்பதும் அம்மூவர் யார் என்பதும் மண்டோர் முதல் மேனேஜர்வரை எல்லார்க்கும் தெரியும். பிறந்ததுமுதல் அதையே கண்டவர்கள் அகிலனின் கணினியில், அகிலனின் கணக்கில் தட்டினார்கள். அதில் பிழையேதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

"மெஷின்காரவுங்க பேருலதான சார் எட எழுதுவாங்க?" என்றாள் சுபத்ரா.

"அது எஸ்டேட்டும்மா. இது காலேஜ்."

ஃபியோனா தன் நோட்டுப் புத்தகத்தைப் படக்கருவிக்கு நேரே பிடித்தாள். அடித்தலும் திருத்தலுமாக இருபத்திரண்டு பக்கம்.

"கையெழுத்தெல்லாம் எவிடன்ஸ் ஆகாதும்மா. யார் எப்ப எழுதுனாங்கன்னு எப்படித் தெரியும்? சிஸ்டம் பொய் சொல்லாது."

"சார், கட்டுரை எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டாள் சுபத்ரா.

"ஃபுல் ரிப்போர்ட் பார்த்தேன்."

"ரிப்போர்ட் இல்ல சார். கட்டுரை."

முனைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரக்கத்தின் பொருட்டு ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் அதே தலைப்பில் மீண்டும் எழுத வேண்டும். மூவரும் அவரவர் கணக்கிலிருந்து எழுத வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் முப்பது விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறைந்தால் மூவருக்கும் சுழி. இம்முறை அகிலனுக்கும் சேர்த்து.

சந்திப்பு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சாக்குகளோடு வேலையாட்கள் கொட்டகைக்குள் ஓடிவந்தனர். கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியான சின்னக்கருப்பன் தராசின் பக்கத்தில் நின்றார். அவர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் எந்தச் சாக்கையும் பார்த்த மாத்திரத்தில் அவர் தராசில் ஏற்றியதில்லை. முதலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கைவரை சாக்கினுள் கையை விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பிழிந்து பார்ப்பார். நீர் ஒழுகினால் அதற்குத் தக்கபடி எடையில் கழிப்பார். முற்றிய இலை அகப்பட்டால் சாக்கையே கவிழ்த்துவிடுவார். மேலே பார்த்தால் எல்லாச் சாக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றார் அவர்.

சுபத்ரா நடந்ததைச் சொன்னாள். சின்னக்கருப்பன் ஒரு சாக்கிலிருந்து கையை உருவி உதறிக்கொண்டே கேட்டார்.

"படிச்ச கிராணிதான அவரு? உள்ள கைய விட்டுப் பாக்கலியா?"

"இல்ல மாமா. சாக்குல யாரு பேரு எழுதியிருக்குன்னு மட்டும் பாத்தாரு."

"அதுக்கு எதுக்குப் படிச்சவரு? அத நம்ம நாயே மோந்து பாத்துச் சொல்லிடுமே."

கொட்டகை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சுபத்ராவின் மனத்தில் வெறுப்பு மட்டும் தெளிந்து நின்றது. கோபமாவது, எதிராளி நம் சொல்லைக் கேட்பான் என்ற நம்பிக்கையில் எழுவது. அவளிடம் அந்த நம்பிக்கை இல்லை. எடை பார்ப்பவனுக்கு எடை கொடுப்போம் என்று அவள் முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை பிற்பகலில் மடிக்கணினியோடு அகிலனும், விரிசல் விட்ட தொலைபேசிகளோடு மற்ற இருவரும் அமர்ந்தனர். பழைய கட்டுரையையே வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தட்டலாயினர். ஒரு வாக்கியம் சுபத்ராவின் நீலம், அடுத்தது ஃபியோனாவின் பச்சை, அதற்கடுத்தது அகிலனின் ஆரஞ்சு. அகிலனுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"'பிட்வீன்'ல எத்தன ஈ?"

"மூணு. முழிக்காத, தட்டு."

"எனக்குத் தொண்ணூத்தாறு வந்தப்ப ஒரு ஈ கூட நான் போடலயே."

கிழிந்த சேலையை மூன்று நிற நூலால் ஒட்டுப்போட்டது போலக் கட்டுரை வளர்ந்தது. வேலாயியைப் பற்றிய பத்திக்கு வந்தபோது சுபத்ரா கையை நிறுத்தினாள்.

"இது வேணாம்."

"ஏன்?" என்றாள் ஃபியோனா.

"வேணாம்னா வேணாம்."

"ஒங்க அம்மாவப் பத்திடி. நான் எழுதுனதுலயே இது ஒண்ணுதான் உருப்படி."

"அதனாலதான் வேணாங்கறேன். இத மூணாக் கிழிச்சு நீலம் பச்சன்னு பூசி அந்தாளுகிட்ட நீட்டச் சொல்றியா? எங்கம்மா என்ன பெர்சன்டேஜா?"

"அது இல்லாம கட்டுரையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அவருக்கு அது போதும்."

ஃபியோனாவின் கண் கலங்கிற்று. அவள் நோட்டுப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை ஓரம் பிசகாமல் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்தி போனதும் கட்டுரை இருநூறு சொல் குறைந்தது. அகிலனின் பங்கும் இருபத்தேழில் நின்றது. மெஷினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்த மூன்றாம் பத்தியை அகிலன் அப்படியே எடுத்து, ஐந்தாம் பத்தியாக இன்னொரு முறை ஒட்டினான்.

"டேய், அது ஒரு தடவ வந்துருச்சுடா."

"மழையில கொழுந்து நனஞ்சா நம்மாளுங்க சாக்கப் பிழிஞ்சிட்டா கொண்டாராங்க? கெடக்கட்டும் விடு."

ஆவணம் அதைப் புதிய உழைப்பாக ஏற்றுக்கொண்டது. முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று. சின்னக்கருப்பனின் தராசுகூட அத்தனை நேராக நின்றதில்லை. அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் வகுப்பு முழுவதும், நாற்பத்திரண்டு மாணவரும், திரையில் கூடியிருக்க, முனைவர் ஜெகதீஸ்வரன் அந்தக் கட்டுரையை எல்லார்க்கும் திறந்து காட்டினார். நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக அது தைப்பூசத்துக் காவடியைப் போல மின்னியது.

"பாருங்க. போன தடவ இவங்க ஃபெயில். இந்தத் தடவ தொண்ணூத்தஞ்சு, மூணு பேருக்கும். இதான் ரியல் கொலாபரேஷன். அடுத்த வருஷ பேட்சுக்கு இதத்தான் மாடலா வைக்கப் போறேன்."

கொட்டகைப் பலகையில் அகிலன் பெருமூச்சு விட்டான். தேறிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈப்போ. மண்டோருக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும். சுபத்ராவின் விரல் ஒலிவாங்கிப் பொத்தானின் மேல் போய் நின்றது. அகிலன் அவள் காலை மிதித்தான்.

"வேணாம்டி. கெடச்சது போதும்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"சார், மூணாவது பத்தியும் அஞ்சாவது பத்தியும் ஒரே பத்தி சார். ரெண்டு தடவ இருக்கு. எழுத்துக்கு எழுத்து."

முனைவர் பக்கத்தை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். ஒரு கணம் அவருடைய உதடுகள் அசைந்தன. அவர் அக்கட்டுரையின் வாக்கியமொன்றைப் படித்தது அந்த ஒரு கணந்தான் என்று சுபத்ரா பின்னாளில் துணிந்து சொல்வாள். பிறகு முகம் பழையபடி தெளிந்துவிட்டது.

"ஆமா, ரிப்பீட் ஆகியிருக்கு. பரவால்லம்மா. கன்டென்டுக்கு ஸ்கீம்ல அஞ்சு மார்க்குதான். அத ஏற்கெனவே கழிச்சாச்சு. கான்ட்ரிபியூஷன் பேலன்ஸா இருக்கு பாருங்க, அதான் முக்கியம்."

"அப்ப சார், எழுதத்தான் இந்தக் கிளாஸ்ல சொல்லித் தருவீங்கன்னு நெனச்சோம்."

"அதான் எழுதிட்டீங்களே" என்றார் முனைவர் அன்போடு. அடுத்த குழுவின் ஆவணத்தைத் திறந்தார்.

சுபத்ரா கணினியை மூடினாள். அவரை அவமதிக்க வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தாள். அவமதிப்பு நுழைவதற்கும் ஒரு வாசல் வேண்டும் அல்லவா? அந்த மனிதரிடம் அது இல்லை. வெறும் சுவரைப் பார்த்துத் துப்பியதற்காக அவளுக்குத் தன்மேல்தான் சிறிது வெட்கமாக இருந்தது.

சரிவிலிருந்து கடைசி மெஷின் இறங்கி வந்தது. வேலாயி பையைத் தரையில் போட்டுவிட்டுப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பாஸும்மா. மூணு பேரும்."

"அப்பறம் எதுக்கு எழவு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கீங்க?"

ஃபியோனா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். "அத்தை, ஒங்களப் பத்தி ஒண்ணு எழுதுனேன். ரெண்டாவது தடவ அத நாங்க அனுப்பல. படிக்கட்டுமா?" என்றாள். ஆங்கிலத்தில் எழுதியதை அங்கேயே தமிழாக்கி, தட்டுத் தடுமாறிப் படித்தாள். சின்னக்கருப்பன் ஒரு சாக்கின் கழுத்தைப் பிடித்தபடியே நின்று கேட்டார். 'பை நிறைந்ததை அவள் கண்ணால் அறிவதில்லை. இடுப்பால் அறிகிறாள்' என்ற இடம் வந்ததும் வேலாயி கையை நீட்டி நிறுத்தினாள்.

"அது தப்புடி."

"எது அத்தை?"

"இடுப்புன்னு படிச்சியே. இடுப்புக்குத் தெரியவர்றப்ப பை நெறஞ்சு வழிஞ்சிரும். மொழங்காலுக்குத்தான் மொதல்ல தெரியும். பையோட வயிறு எறங்கி வந்து மொழங்கால இடிக்கும். அப்பவே கத்தணும், நிறுத்துங்கன்னு. இடுப்பு வலிக்கிறது அதுக்கப்பறம், வீட்டுக்குப் போயி."

"நீங்க இடுப்பு வலின்னு சொன்னதாத்தான அகிலன் சொன்னான்?"

"வலிக்கிறது எங்கன்னு கேட்டான், சொன்னேன். எப்படித் தெரியும்னு எவன் கேட்டான்?"

ஃபியோனா பேனாவை எடுத்து, ஆங்கிலத்தில் 'இடுப்பால்' என்றிருந்ததை அடித்து, மேலே 'முழங்காலால்' என்று எழுதினாள். வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முன்னிலும் நன்றாக இருந்தது.

"மிச்சத்தயும் படி" என்றாள் வேலாயி. "வேற என்னல்லாம் தப்பா எழுதியிருக்கேன்னு பாப்போம்."

முதலாண்டு எழுத்துப் பாடம் என்னும் அந்தப் பருவம் முழுவதிலும் அவர்களுடைய கட்டுரைக்கு நேர்ந்த உண்மையான திருத்தம் அது ஒன்றே. அது எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. எந்த நிறமும் அதற்குக் கிட்டவில்லை. ஈப்போவிலோ அப்பொழுது முனைவர் ஜெகதீஸ்வரன், நாற்பத்திரண்டு மாணவரின் பட்டைகளையும் ஒரே திரையில் அடுக்கி, அவற்றின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.